சர்க்கரைவள்ளி: கொடி ஓடினால் போதுமா, கிழங்கு இறங்க வேண்டாமா?

கூடையில் முளைத்துவிட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை முழுசாகத் தொட்டியில் புதைத்தால் கொடி அழகாக ஓடும். தோண்டிப் பார்த்தால் பழைய கிழங்கே நார் பிடித்துப் பெருத்துக் கிடக்கும்; புதுக் கிழங்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். நடவுக்கு வேண்டியது கொடித் துண்டுதான். முளைத்த கிழங்கை ஈர மணலில் பாதி புதையும்படி படுக்க வைத்துத் தண்ணீர் தெளித்து வாருங்கள். சில வாரங்களில் வெட்டும் அளவுக்குக் கொடி வந்துவிடும்.

நுனியிலிருந்து 20 முதல் 25 செ.மீ. நீளம், குறைந்தது நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்டுங்கள். முற்றிய அடிக்கொடி வேண்டாம். அது தாமதமாகத் துளிர்க்கும், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டின் முட்டையும் அதில்தான் ஒளிந்து வரும். வெட்டிய துண்டுகளை இலையோடு கட்டி, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் இரண்டு நாள் வையுங்கள். கணுக்களில் வேர்முனை எட்டிப் பார்க்கும். அப்போது நட்டால் வாடாமல் பிடிக்கும்.

ஆனி, ஆடியிலும் நடலாம். புரட்டாசி தொடக்கத்தில் நட்டால் பொங்கலுக்குத் தோண்டலாம். ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், எனவே செடி வளர்க்கும் பையின் அடித்துளைகளை முன்பே சரிபாருங்கள். 18 அங்குல அகல, ஆழமுள்ள பைக்கு இரண்டு துண்டு போதும். மண் கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. களிமண்ணில் கிழங்கு கோணல்மாணலாகத்தான் விளையும். தரையில் நடுவதானால் 60 செ.மீ. இடைவெளியில் பார் (நீள மண்மேடு) பிடித்து, 20 செ.மீ.க்கு ஒரு துண்டு. இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். அந்தக் கணுக்களில் விடும் வேர்களே பிறகு கிழங்காகத் திரளும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது உரத்தில்தான். யூரியா, பச்சைச் சாணக் கரைசல், மீன் அமிலம் என்று தழைச்சத்தை (நைட்ரஜன்) ஊற்றினால் இலை தளதளவென்று வரும், கிழங்கு விரல் பருமனைத் தாண்டாது. இலை கரும்பச்சையாகத் தெரிந்தால் உரத்தை நிறுத்திவிடுங்கள். கிழங்குக்கு வேண்டியது சாம்பல்சத்து (பொட்டாசியம்). நட்ட 30ஆம் நாள் களை எடுத்து, பைக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவி, கொடியின் அடியில் மண் அணையுங்கள். 60ஆம் நாள் இன்னொரு முறை மண் அணைத்தால் போதும். தரையில் படரும் கொடி போகிற இடமெல்லாம் கணுவில் வேர்விடும். மாதம் இருமுறை கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடாவிட்டால் சத்து அந்தச் சில்லறை வேர்களுக்குச் சிதறிப்போகும். இளந்தளிரைக் கீரையாகப் பொரிக்கலாம், ஆனால் கொஞ்சமாகப் பறியுங்கள்.

முதல் ஒரு மாதம் மண் காயக்கூடாது. பிறகு மேல்மண் காய்ந்ததும் பாய்ச்சலாம். நெடுநாள் காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

பெரிய எதிரி கூன்வண்டு. மண் வெடிப்பு வழியாக இறங்கி முட்டையிடும். புழு துளைத்த கிழங்கு கசக்கும், நாறும், மாட்டுக்குக்கூட ஆகாது. கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணைப்பதே முதல் காவல். தோட்டத்தில் ஆண் வண்டுகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். தாக்கப்பட்ட கொடியையும் கிழங்கையும் எரித்துவிடுங்கள். அதே மண்ணில் அடுத்த பருவம் சர்க்கரைவள்ளி போடாதீர்கள்.

110 நாளுக்கு மேல் இலை மஞ்சளாகத் தொடங்கும். ஒரு கிழங்கை எடுத்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால், நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. கருத்தால் இன்னும் பத்து நாள் பொறுங்கள். தண்ணீரைச் சில நாள் முன்பே நிறுத்தி, தோல் கீறாமல் ஓரத்திலிருந்து தோண்டுங்கள். கழுவாமல், காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் பரப்பி வைத்தால் காயம் ஆறி இனிப்பும் ஏறும். ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி வேகாமல் கட்டியாகிவிடும். வண்டு தொடாத கொடிகளின் நுனியை மட்டும் அடுத்த நடவுக்கு எடுத்து வையுங்கள்.