குப்பையை அலங்கரிக்காதீர்கள், காட்டுங்கள்: முதல் படைப்புக்கான செய்முறை

பழைய பாட்டிலில் பூ வரைந்து அலமாரியில் வைப்பது அழகான கைவேலைதான். ஆனால் அதில் குப்பை மறைந்துபோகிறது. நுகர்வுக் கலாச்சாரத்தைக் கேள்வி கேட்கும் படைப்பில் அது மறையவே கூடாது. "இது நான் நேற்று தூக்கிப்போட்ட உறையாச்சே!" என்று பார்ப்பவர் சட்டென்று அடையாளம் காண வேண்டும்.

பிரெஞ்சுக் கலைஞர் அர்மான் 1960இல் பாரிஸில் ஒரு காட்சிக்கூடம் முழுக்கக் குப்பையையும் கழித்துப்போட்ட பொருட்களையும் கொட்டி நிரப்பினார். உள்ளே நுழைய இடமில்லாமல் மக்கள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். கானாவில் பிறந்த எல் அனட்சுயி மதுப்புட்டிகளின் அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைகள் செய்கிறார். தூரத்தில் பட்டுப்போல் தெரிவது, கிட்டே போனால் மூடியும் அதில் அச்சான பெயருமாக இருக்கும்.

நாம் செய்யப்போவது சிறியது: ஒரு மாத உறைகளால் ஒரு சுவர்ப்படம்.

1. ஒரே வகைக் குப்பையைத் தேர்ந்தெடுங்கள்

தின்பண்ட உறை, பார்சல் உறை, மாத்திரை அட்டை என்று ஏதாவது ஒன்று போதும். எல்லாவற்றையும் கலந்தால் வெறும் குவியலாகிவிடும். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வரும்போதுதான் நம் பழக்கம் கண்ணில் படும். மருந்து ஏற்றும் ஊசி, பேட்டரி, ஸ்பிரே டப்பா, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

2. ஒரு மாதம் சேருங்கள்

வழக்கம்போல வாங்குங்கள், படைப்புக்காகக் கூடுதலாகவும் வாங்காதீர்கள், வெட்கப்பட்டுக் குறைக்கவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு உறையின் பின்புறமும் அழியாத பேனாவால் தேதி எழுதுங்கள். இந்தத் தேதிதான் படைப்பின் முதுகெலும்பு.

3. கழுவுங்கள், பிரித்துப் பாருங்கள்

சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எறும்பு வரும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் பரப்புங்கள். வெளியே பளபள அச்சு, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அந்தத் தட்டில் பிஸ்கட்டுகளுக்கென்றே வார்த்த பள்ளங்கள். தின்று முடிக்கச் சில நிமிடம். அந்தப் பள்ளங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சிப்ஸ் உறையைத் திருப்பினால் வெள்ளி நிறம் தெரியும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்கின் மேல் படிய வைத்த மிக மெல்லிய அலுமினியம். இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் இத்தகைய உறைகளை மறுசுழற்சி செய்வதும் கடினம். உங்கள் படைப்பு எதைச் சொல்ல வேண்டும் என்பது இப்படிப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.

4. அடுக்குங்கள்

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தால் அடித்தளம் தயார். ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்று நாட்காட்டிபோல் கோடு போடுங்கள். அந்தந்த நாள் உறைகளை அந்தந்தக் கட்டத்தில் வையுங்கள். எதுவும் வாங்காத நாளின் கட்டம் காலியாகவே இருக்கட்டும். விடுமுறை நாளில் உறைகள் பிதுங்கி அடுத்த கட்டத்துக்குள் புகுந்தால் வெட்டிச் சரிசெய்யாதீர்கள். அந்தப் பிதுக்கம்தான் படைப்பின் குரல். சில உறைகளை வெள்ளிப் பக்கம் வெளியே தெரியத் திருப்பி வைக்கலாம். எல்லாவற்றையும் திருப்பினால் அடையாளம் போய்விடும்.

5. பொருத்துங்கள்

சாதாரண வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது. ஸ்டேப்ளர், ஊசிநூல், மெல்லிய கம்பி போதும். ஓட்டை போட ஆணியைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக்கைச் சுட்டு உருக்க வேண்டாம், புகை கெடுதல். பளபளப்புத் தூளும் வண்ணமும் புதிதாக வாங்குவதை நான் கண்டிப்பாக எதிர்ப்பேன். வாங்கிக் குவிப்பதைக் கேள்வி கேட்க இன்னொரு பை நிறைய வாங்குவது படைப்பையே பொய்யாக்கிவிடும்.

6. விவரம் எழுதுங்கள்

'பூமியைக் காப்போம்' போன்ற வாசகம் வேண்டாம். சேகரித்த தேதிகள், எத்தனை பேர் பயன்படுத்தியவை, மொத்தம் எத்தனை உறைகள்: இம்மூன்றையும் சிறிய காகிதத்தில் எழுதி ஓரத்தில் குத்துங்கள். பார்ப்பவர் தன் வீட்டுக் கணக்கைத் தானே போட ஆரம்பிப்பார்.

கண்மட்ட உயரத்தில், கிட்ட வந்து எழுத்தைப் படிக்கும்படி மாட்டுங்கள். காட்சி முடிந்ததும் ஸ்டேப்ளர் பின், நூல், கம்பி ஆகியவற்றைக் கழற்றி, அட்டையைக் காகிதக் கழிவோடும் மறுசுழற்சிக்குப் போகக்கூடிய பிளாஸ்டிக்கைத் தனியாகவும் சேர்த்துவிடுங்கள்.