ஆடிக் காத்தும் மூக்கு ஸ்பிரேயும்

அம்பாசமுத்திரத்துல மருந்துக்கடை வச்சிருக்கேன். ஆனி, ஆடிக் காத்துல புழுதி கிளம்பிட்டா, தும்மிக்கிட்டே வந்து புளூட்டிகசோன், மொமெட்டசோன்னு ஸ்டீராய்டு ஸ்பிரேச் சீட்டை நீட்டுதவங்க அதிகம். பல பேரு அண்ணாந்து அடிச்சு, சர்ருன்னு உறிஞ்சுதாங்க. மருந்து தொண்டைக்குப் போயிரும், மூக்குல நிக்காது.

மொதல்ல மூக்கை மெதுவாச் சிந்துங்க. பாட்டிலைக் குலுக்குங்க. புதுசுன்னா, சீரா தூறல் விழுத வரைக்கும் வெளியில அமுக்கிப் பாருங்க. தலையைக் கொஞ்சம் குனிங்க. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்பத்தான் முனை தானா வெளிப்பக்கமா, கண்ணோரத்தைப் பாத்துத் திரும்பும். நடுத்தண்டுலயே அடிச்சுக்கிட்டு இருந்தா புண்ணாகி ரத்தம் எட்டிப் பாக்கும். அமுக்கும்போது பிச்சிப்பூவை மோந்து பாக்க மாதிரி லேசா இழுங்க, வாய் வழியா மூச்சை விடுங்க. முனையைத் துடைச்சு மூடுங்க.

"ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி"ம்பாங்க. இது உடனே அடைப்பைத் திறக்குத சொட்டு மருந்து இல்ல. தெனமும் அடிச்சாலும் முழுப்பலன் தெரிய 2 வாரம்கூட ஆகும். அந்தச் சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல மூக்குல ஊத்திக்கிட்டே இருந்தா அடைப்பு கூடத்தான் செய்யும். கண்ணுல பிரஷர் உள்ளவங்களும், புள்ளைகளுக்கு அடிக்கவங்களும் டாக்டர்ட்ட கேட்டுக்கிடுங்க.