டெங்கு நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வடியும் சிரட்டையில் கொஞ்சம் மழைநீர் நின்றாலே, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகப் போதும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவாக இருக்குமோ என்று பார்த்துவிடுவது நல்லது.

மருத்துவர் பரிசோதித்து, வீட்டிலேயே இருக்கலாம் என்று சொன்னவர்களுக்கான குறிப்பு இது. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

படி 1: ஒரு நோட்டு எடுங்கள்

காய்ச்சல் தொடங்கிய தேதியை முதல் வரியில் எழுதுங்கள். ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் 5 நாளுக்குள்தான் நன்றாகப் பயன்படும், அப்புறம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே 'எத்தனாவது நாள்?' என்பதுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை, குடித்த அளவு, சிறுநீர் போன நேரம், வாந்தி எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.

படி 2: பாராசிட்டமால் மட்டும்

மருத்துவர் சொன்ன அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்கள். உடம்பு வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் மடித்துத் தரும் மாத்திரைகளும் வேண்டாம். மாத்திரை போட்டும் சூடு இறங்கவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

படி 3: குடிக்கக் கொடுங்கள்

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., இளநீர், மோர் என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கருப்பட்டிக் காபி, மாதுளைச் சாறு, பீட்ரூட் சாறு இப்போதைக்கு வேண்டாம். வாந்தி எடுத்தால் அந்த நிறம் ரத்தமா, குடித்ததா என்று தெரியாமல் போகும்.

படி 4: காய்ச்சல் விட்ட நாளில் கவனம்

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'சரி, குணமாகிவிட்டது' என்று எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

நோயாளியின் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கை கால் சில்லிட்டிருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

நிறம் திரும்பத் தாமதமானாலோ, கை கால் சில்லிட்டாலோ, கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், மூச்சு வாங்குதல், அளவுக்கு மீறிய சோர்வு, பதற்றம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று நினைத்தும் தாமதிக்க வேண்டாம்.

படி 5: வலை

ஏடிஸ் பகலில் கடிக்கும். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு வீட்டில் மற்றவர்களுக்கும் நோயைக் கொண்டுபோகும்.

தேறி வரும்போது தோல் சிவந்து அரிக்கலாம். பசி திரும்பி, சிறுநீர் நன்றாகப் போனால் அது தேறுவதற்கான அடையாளம். அசதி சில வாரங்கள் இருக்கும். ரப்பர் பால்வெட்டுக்கோ கடல் தொழிலுக்கோ உடனே அனுப்பாதீர்கள்.