பணம் கட்டினால் பொறுப்பும் கைமாறுமா? மென்பொருள் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து வந்தார்கள். நிரலாளர்கள் எழுதிய மூல நிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் முடிந்த திறந்த மூல மென்பொருள் ஒரு பக்கம், விலைக்கு விற்கும் வணிக மென்பொருள் மறுபக்கம். 'பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?' என்ற வரியில் முதலாவதற்கு 'யாரும் இல்லை' என்றும், இரண்டாவதற்கு 'விற்கும் நிறுவனம்' என்றும் நிரப்பியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே கட்டங்களில் அதே சொற்களை எழுதியவன் நான். கடவுச்சொல்லை மாற்றுவது, காப்புநகல் எடுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பணம் கட்டியதால் பொறுப்பு கைமாறிவிட்டது என்று நம்புவது

2021 டிசம்பரில் லாக்4ஜேயில் இருந்த பாதுகாப்பு ஓட்டை அம்பலமானது. ஜாவா மொழியில் எழுதிய நிரல்கள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, லாக்4ஜே. பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் போதும். அதைப் பதிவு செய்யும்போதே எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து அந்நிய நிரலை இறக்கி இயக்கிவிடும். தீவிர மதிப்பீடு பத்துக்குப் பத்து.

நாங்களே எழுதிய சேவைகளில் அந்த நூலகம் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் கைவசம் இருந்தது. திருத்திய 2.15 பதிப்பு வந்த அன்றிரவே மாற்றினோம். அது போதவில்லை என்று அதே மாதத்தில் 2.16, 2.17 என அடுத்தடுத்து வந்தன, அவற்றையும் ஏற்றினோம். விலை கொடுத்து வாங்கிய ஒரு நிர்வாக மென்பொருளை மட்டும் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 'அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் சந்தேகம் தட்டி அதன் கோப்புறையைத் துழாவினேன். ஒரு பொதிக்குள் இன்னொரு பொதி, அதற்குள் மூன்றாவது. அதன் அடியில் அதே நூலகத்தின் பழைய பதிப்பு. விற்ற நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். 'ஆராய்ந்து வருகிறோம்' என்று பதில் வந்தது. ஓட்டைக்கு வழிவிடும் ஒரே ஒரு கோப்பைப் பொதியிலிருந்து நீக்கினால் தற்காலிகமாகத் தப்பலாம் என்று லாக்4ஜே குழுவினரே அறிவித்திருந்தார்கள். அதையாவது செய்துகொள்ளலாமா என்று விற்ற நிறுவனத்திடம் கேட்டோம். கோப்புகளில் கைவைத்தால் ஆதரவு ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். அவர்களுடைய திருத்தம் கைக்கு வரப் பதினெட்டு நாட்கள் ஆயின. அத்தனை நாளும் அந்த சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து வைத்தோம். அதை நம்பியிருந்த பிரிவினர் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

இழப்பீடு கேட்கலாம் என்று ஒப்பந்தத்தை எடுத்தபோதுதான் அதை முதல்முறையாக முழுவதும் படித்தேன். மென்பொருள் 'உள்ளது உள்ளபடியே' வழங்கப்படுகிறது. தரவு அழிந்தாலும் வேலை நின்றாலும் நிறுவனம் பொறுப்பல்ல. எது நடந்தாலும் கடந்த பன்னிரண்டு மாதக் கட்டணத்துக்கு மேல் கேட்க முடியாது. திறந்த மூல மென்பொருள் பலவற்றோடு வரும் எம்ஐடி உரிமத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் பொறுப்புத் துறப்புப் பத்தி முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. வாசகமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இலவசமாகக் கிடைத்த நூலகத்தை நானே திருத்திக்கொள்ளலாம். பணம் கட்டி வாங்கியதில் அந்த உரிமைகூட இல்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வணிக மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசுங்கள். உள்ளே இருக்கும் நூலகங்களின் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு கேளுங்கள். கடுமையான ஓட்டைக்கு எத்தனை நாளில் திருத்தம் வரும், தவறினால் என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவசரத்தில் நாமே தடுப்பு செய்துகொள்ளும் அனுமதியையும் சேர்த்து வாங்குங்கள். கேட்பவர்களுக்குப் பல நிறுவனங்கள் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் விற்பவர்மீதே பாதுகாப்புக் கடமைகளைச் சுமத்துகிறது என்பது உண்மைதான். அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில்தான் அமலுக்கு வருகின்றன.

மூல நிரலை மறைத்தால் பத்திரம் என்று நினைப்பது

தாக்குபவர்கள் இயங்கும் கோப்பையே பிரித்துப் படிக்கிறார்கள்.

ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்று சும்மா இருப்பது

திறந்த நிரலைப் பலர் பார்ப்பதால் ஓட்டை தப்பாது என்று நம்பும் இது எதிர்ப்பக்கத்துத் தவறு. இணையத் தகவல்தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு வந்தது. 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. இணையத்தின் பெரும்பகுதி அந்த நூலகத்தின்மேல் நின்றது. அதற்கு வந்த நன்கொடையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். நிரல் திறந்துதான் கிடந்தது. உட்கார்ந்து படிக்க ஆளில்லை.

திருத்தம் வெளியானதையே திருத்தியதாக எண்ணுவது

வலைச் செயலிகள் எழுதப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வந்தது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ் அதை ஏற்றாமல் விட்ட சர்வர் வழியாக மே மாதம் நுழைந்தவர்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள்.

பராமரிப்பவர் யார் என்று பாராமல் இருப்பது

எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் திறந்த மூலக் கருவியைப் பல ஆண்டுகளாக ஒருவரே பராமரித்து வந்தார். சலித்துப்போயிருந்த அவருக்கு உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கையைப் பெற்றார், பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, வைத்தார். 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழி உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் அது பிடிபட்டது. மூல நிரல் கைக்கு எட்டியதால்தான் அவரால் அடிவரை போக முடிந்தது.

அதன்பிறகு எங்கள் பட்டியலில் ஒவ்வொரு நூலகத்துக்கும் நேரே இரண்டு விவரங்களைச் சேர்த்தோம்: மாற்றங்களை ஏற்கும் உரிமை எத்தனை பேருக்கு இருக்கிறது, கடைசிப் பதிப்பு எப்போது வந்தது. ஒரே ஆள் என்றால் அவருக்குப் பணமோ எங்கள் ஆளின் நேரமோ தருகிறோம். இரண்டும் முடியாதபோது மாற்று நூலகத்தைச் சோதித்துத் தயாராக வைத்திருக்கிறோம். புதியவர்கள் இருவரும் இப்போது தங்கள் அட்டவணையில் 'யார் பொறுப்பு?' என்ற வரியை அடித்துவிட்டு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் திருத்தத்தை ஏற்ற வேண்டிய எங்கள் ஊழியரின் பெயரை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.