இரண்டு மூன்று ஏக்கருக்கு உரம் தூவுற மெஷின் வாங்கப் போறீங்களா?

குடியாத்தம் பக்கம் எங்களுக்கு இருப்பது இரண்டே கால் ஏக்கர். கிணற்றுத் தண்ணீரில் ஒரு ஏக்கர் கழனி, மீதி மேட்டுக் கொல்லை. உரம் போட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வெயில் ஏறின பிறகுதான் வருகிறார்கள் என்று மெஷின் தேடினேன். முதலில் வாங்கியது தப்பான மெஷின். சின்ன ரப்பர் சக்கரம் வைத்து, தள்ளிக்கொண்டே போகிற ரகம். கடையின் சிமென்ட் தரையில் அருமையாக ஓடியது. உழுத கொல்லையில் மண்கட்டிக்கு மண்கட்டி முட்டி நின்றது. சக்கரம் சுற்றினால்தான் உள்ளே உரத்தை வீசும் தட்டு சுற்றும், அதனால் சக்கரம் உருளாமல் இழுபட்ட இடத்திலெல்லாம் உரமே விழவில்லை. சமமான புல்தரைக்குச் செய்த சாமான் அது. இப்போது மாட்டுக்கொட்டகையில் கோழி அதில் முட்டை இடுகிறது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால், எதையெல்லாம் வீசப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம்ம ஊர்ப் பயிர்களில் பாதிக்கு இந்த மெஷின் தேவையே இல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாலில் போட வேண்டியது, விசிறுவதல்ல. நெல் நாற்று விட்டு நடுகிறீர்கள் என்றால் விதைப்புக்கு மெஷின் வேண்டாம். முளைகட்டிய நெல்லை நேரடியாக விதைப்பதற்கு டிரம் சீடர் இருக்கிறது, அது வேறு கருவி. கரும்பு, வாழை, தென்னைக்கு உரம் வேரடியில் போய்ச் சேர வேண்டும், நிலம் முழுக்கத் தூவினால் களைதான் கொழுக்கும். மல்லாட்டைக்கு 40-45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்போமே, அதுவும் தூள், தொட்டியில் குகை மாதிரி நின்றுகொண்டு கீழே இறங்காது. கூடையும் கையும்தான்.

மிஞ்சுவது என்ன? கொள்ளு, பசுந்தாள் உரத்துக்குப் போடும் சணப்பை, தக்கைப்பூண்டு மாதிரி வீசி விதைப்பவை, அப்புறம் யூரியா, டிஏபி (தழை, மணிச் சத்து உரம்), காம்ப்ளக்ஸ் (கலப்பு உரம்), குருணையாக வரும் பொட்டாஷ். இவ்வளவுதான் என்றால் தோளில் பட்டை போட்டு மார்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றுகிற மெஷினே மூன்று ஏக்கர் வரைக்கும் தாராளம். பேட்டரி வைத்து முதுகில் மாட்டுவதும் இருக்கிறது, கை வலிக்காது, வீச்சும் ஒரே சீராக இருக்கும், ஆனால் உரத்தோடு பேட்டரி எடையும் சேர்ந்து சேற்றுக் கழனியில் கால் இன்னும் ஆழமாகப் புதையும். மாந்தோப்புக்காக பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அதற்குக் குருணை தூவுகிற குழாய் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள், சில மாடல்களுக்கு உண்டு. டிராக்டர் பின்னால் மாட்டும் பெரிய தொட்டி நமக்கு எதற்கு? திரும்பவே இடம் போதாது, வரப்பு உடையும்.

கடையில் பார்க்க வேண்டியது நிறம் இல்லை. மூடியைத் திறந்து கியரைப் பாருங்கள். யூரியா ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். திருகாணி, அச்சு, உரம் இறங்கும் வாயைத் திறந்து மூடும் கதவுத் தகடு எவர்சில்வரா என்று கேளுங்கள். நைலான் கியர் துருப்பிடிக்காது, சரிதான், ஆனால் பல் தேய்ந்தால் மாற்றுக் கியர் அதே கடையில் கிடைக்குமா என்று கையோடு கேட்டுவிடுங்கள். உள்ளே கிளறி விடும் கம்பி கட்டாயம் வேண்டும். கதவைத் திறக்கும் நெம்புகோல் வைத்த எண்ணில் நிற்கிறதா, நடக்கும்போது நழுவுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தோளில் மாட்டும் பட்டை அகலமாக இருக்கிறதா என்பதுதான் பாதி ஏக்கர் தாண்டும்போது தெரியும்.

இனி அளவு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான், நானும் விட்டேன். முதல் தடவை யூரியா போட்ட பத்து நாளில் நெல் புடவைக் கரை மாதிரி பச்சையும் வெளிறலுமாகக் கோடு கோடாக நின்றது. காரணம் சாதாரணமானது: சுழலும் தட்டு நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் கொஞ்சமாகவும்தான் வீசும். உரம் 6 மீட்டர் அகலத்துக்குப் பறக்கிறது என்றால் நீங்கள் 6 மீட்டர் தள்ளித் தள்ளி நடக்கக் கூடாது, மூன்றரை நான்கு மீட்டருக்கு ஒரு நடை, ஓரம் ஓரத்தின் மேல் விழ வேண்டும்.

மெஷினில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு லிட்டர் டப்பாவில் யூரியா முக்கால் கிலோ பிடிக்கும், டிஏபி கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். ஒரே எண்ணில் இரண்டும் ஒரே அளவா விழும்? நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. ஏக்கருக்கு அரை மூட்டை போட வேண்டும் என்றால் சென்ட்டுக்கு 225 கிராம். 4 மீட்டருக்கு ஒரு நடை வைத்து 50 மீட்டர் நடந்தால் 200 சதுர மீட்டர், சுமாராக 5 சென்ட். தராசில் 3 கிலோ நிறுத்துத் தொட்டியில் போட்டு, வழக்கமான வேகத்தில் சுற்றிக்கொண்டே 50 மீட்டர் நடந்து, மிச்சத்தை மறுபடி நிறுங்கள். 1 கிலோ 100 கிராம் குறைந்திருக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் கதவை நகர்த்தி மறுபடி நடங்கள். சரியான எண் வந்ததும் பெயின்ட்டால் தொட்டியிலேயே எழுதி வையுங்கள், சீட்டு தொலைந்துவிடும். இன்னும் சீராக வேண்டும் என்றால் பாதி அளவுக்குக் கதவை வைத்து, நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை. நடை இரட்டிப்பாகும், ஆனால் கோடு விழாது. கையும் காலும் ஒரே தாளத்தில் போக வேண்டும். வரப்போரம் திரும்பும்போது கதவை மூடிவிட்டுத் திரும்புங்கள்.

விதையையும் உரத்தையும் கலந்து போடாதீர்கள், கனமானது தூரம் போகும், லேசானது காலடியில் விழும். எள்ளுக்கு ஏக்கருக்கு 2 கிலோதான் விதை, நாலு பங்கு மணல் கலந்து கையால் தூவும் பழக்கமே நல்லது. மெஷின் ஆட்டத்தில் மணல் தனி எள் தனியாகப் பிரிந்துவிடும். உயிர் உரத்தோடு கஞ்சி போட்டு நேர்த்தி செய்த விதை என்றால் நிழலில் நன்றாக உலர்த்தின பிறகே தொட்டியில் போடுங்கள். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5:4:1 கலக்கி வைப்பீர்களே, அந்தக் கலவை ஈரமும் தூளுமாக இருக்கும், கதவில் அப்பிக்கொள்ளும், அதற்கு மெஷினை மறந்துவிடுங்கள்.

ஆடி மாதக் காற்றில் சணப்பை விதை பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும், காலையில் காற்று எழுவதற்குள் விதையுங்கள். யூரியா என்றால் இலையில் பனி காயும்வரை பொறுக்க வேண்டும், ஈர இலையில் ஒட்டினால் கருகும்.

மானியம் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன்பே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் அந்த மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும். வேலை முடிந்த அன்றே தொட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, கியரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கதவைத் திறந்தபடியே தொங்கவிடுங்கள். மூடி வைத்தால் அடுத்த பட்டத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல் இல்லாமல் திறக்க முடியாது.