செப்புத்தகட்டில் அரசனைப் படிப்பது எப்படி?

கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செப்புத்தகட்டு அச்சுப்படத்தின் பாதி வித்தை அதுதான். வெட்டிய பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தயார்.

முதலில் ஒரு லென்ஸ் வாங்குங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் தெரிகிறதா பாருங்கள். ஓரம் நறுக்கிய படத்தில் அது இருக்காது.

அடுத்து, கீழ் விளிம்பு. ஒரு பெயருக்குப் பின் ‘பின்க்ஸிட்’ என்றிருந்தால் அவர் ஓவியர். ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் தகட்டில் வெட்டியவர்.

இனி அரசனிடம் வருவோம். பிரான்சின் பதினான்காம் லூயியை 1701-இல் ரிகோ தீட்டினார். அதைப் பியர் துரவே தகட்டில் வெட்டினார். நம் தஞ்சாவூர் ஓவியமென்றால் தங்க ரேக்கை ஒட்டி ராஜகளையைக் கொண்டுவந்துவிடலாம். வெட்டுபவரிடம் இருப்பதோ கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். ஆகவே மேலங்கியின் உள்மடிப்பில் வெண்ரோமம் வரும் இடத்தைத் தாளின் வெண்மைக்கே விட்டுவிட்டு, பக்கத்து வெல்வெட்டைக் குறுக்குக்கோடுகளால் இருட்டாக்குகிறார். லென்ஸ் வழியே இந்த இடத்தில் கால் மணி நேரம் செலவிடலாம்; நான் செலவிட்டிருக்கிறேன். பிறகு செங்கோலைப் பாருங்கள்: தலைகீழாக, கைத்தடி போல ஊன்றியிருக்கிறார். மகுடமோ தலையில் இல்லை, பக்கத்து மெத்தையில். அறுபது கடந்த மனிதரின் அலட்சியம்தான் அங்கே அதிகாரம்.

வேறொரு படத்தில் வாள் வலது இடுப்பில் தொங்கினால் அரசன் இடதுகைக்காரன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தகட்டில் வெட்டியது தாளில் இடவலம் மாறித்தான் விழும். எல்லோரும் அதைத் திருத்திக்கொண்டதில்லை.

சடங்குப் படங்களுக்கு வேறு முறை. இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் 1685-இல் முடிசூடியதை 1687-இல் வெளிவந்த நூலின் தகட்டுப் படங்கள் காட்டுகின்றன. ஊர்வலம் வரிசை வரிசையாக மடங்கிச் செல்லும். ஒவ்வொருவரின் பதவியும் எழுதப்பட்டிருக்கும். முன்னால் மூலிகை தூவிச் செல்லும் பெண்கள். சுவாமி புறப்பாட்டுக்கு முன் வாசல் தெளிக்கும் நமக்கு இது புதிதல்ல. முகங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் அரசனைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு பக்கமும் ஆட்கள் கழி பிடித்துத் தூக்கி வரும் விதானத்தைத் தேடுங்கள். அதன் கீழே இருப்பார்.