சுவிட்ச்சுக்குக் கிரீஸ் பூசுதல்: எங்கே, எவ்வளவு

மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒரு விசையை மெல்ல அழுத்தும்போது விரலுக்குத் தட்டுப்படும் சொரசொரப்பு, விசைக்கு அடியிலிருக்கும் சுவிட்ச்சின் தண்டு, அதைத் தாங்கும் கீழ்க்கூட்டின் தடங்களில் உராய்வதால் வருவது. விசையை விட்டதும் கேட்கும் கம்பியொலியோ சுருள்வில்லின் அதிர்வு. இரண்டையும் குறைக்க மிகச் சிறிதளவு கிரீஸே போதும்.

சுவிட்ச்சுகளைக் கழற்றித் திறந்தே பூசவேண்டும் என்பதால், பலகை ஹொட்-ஸ்வொப் வகையா, அதாவது பற்றாசில்லாமல் சுவிட்ச்சுகளைப் பிடுங்கி மாட்டக்கூடியதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே கேட்டுவிடலாம். பற்றாசு வைத்த பலகையென்றால் எல்லாச் சுவிட்ச்சுகளையும் ஈயம் உருக்கியே கழற்றவேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபடத் தேவையில்லை என்பதே என் எண்ணம்.

தடையின்றி நேராக இறங்கும் லீனியர் சுவிட்ச்சுகளுக்குக் கிரைடொக்ஸ் 205ஜி0 என்ற கிரீஸ் பொருந்தும். அழுத்தும்போது இடையில் ஒரு மேடு விரலுக்குத் தெரியும் டக்டைல் வகைக்கு அதைவிட இலகுவான ட்ரைபோசிஸ் 3203 நல்லது. வீட்டிலிருக்கும் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், அது வழிந்து மின்தொடுகைத் தகட்டில் படியும். கொழும்பின் புழுக்கத்தில் சிரமந்தான், ஆனாலும் கூடுகளைத் திறந்து வைத்திருக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; கிரீஸில் ஒட்டிய தூசு புதிய சொரசொரப்பாகிவிடும்.

மெல்லிய தூரிகையின் நுனியை மட்டும் கிரீஸில் தொட்டு, மிகுதியை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டு, கீழ்க்கூட்டின் இரு தடங்களிலும், தண்டின் பக்கங்களிலும், சுருள்வில்லின் இரு முனைகளிலும் பூசவேண்டும். பூசிய இடம் வெளிச்சத்தில் மினுங்கினால் அளவு சரி. வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் கூடிவிட்டது, வழித்தெடுங்கள். கூடிய கிரீஸால் விசை சோம்பலாக மேலெழும். டக்டைல் சுவிட்ச்சில் தகட்டைத் தொடும் தண்டின் இரு கால்களையும் விட்டுவிடவேண்டும், இல்லையேல் விரலுக்குத் தெரியும் அந்த மேடு மழுங்கிவிடும். அழுத்தும்போது 'கிளிக்' என ஒலிக்கும் கிளிக்கி சுவிட்ச்சுகளைத் தொடாமலிருப்பதே நல்லது, அந்த ஒலியே மங்கிப்போகும். மூடும்போது தண்டின் கால்கள் தகட்டை நோக்கியிருக்கவேண்டும்.

முதலில் ஒன்றுக்கு மட்டும் பூசி, பூசாத ஒன்றோடு காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். கீச்சொலி தணிந்து, ஒலி சற்றுத் தடித்து ஆழமாகக் கேட்கும்; வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இரவில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது உதவும், என்றாலும் தண்டு அடியில் மோதும் ஒலி முற்றாக மறையாது. அழுத்தத் தேவையான பலத்தைத் தீர்மானிப்பது சுருள்வில் என்பதால், கனமான சுவிட்ச் கிரீஸால் இலகுவாகிவிடாது.

ஸ்பேஸ் பார் மட்டும் இன்னும் கடகடத்தால் சுவிட்ச்சைக் குறைசொல்லாதீர்கள். நீண்ட விசை சாயாமல் தாங்கும் அதன் ஸ்டெபிலைசர் கம்பியின் முனைகளுக்குத் தடித்த, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தேவைப்படுகிறது, அங்கே சற்றுத் தாராளமாகவே பூசலாம்.